பச்சைக் கறைகள்

பூமியைத் துடைத்து வைப்பது பிரமசக்தியின் மாலை வேலை.

நெடும்பள்ளக் குடியிருப்பின் சாப்பாட்டுக் கூடத்தில் ஓர் ஆள் உயரத்துக்குக் கண்ணாடித் திரை ஒன்று உண்டு. அதில் எப்போதும் பூமியின் படம் இருக்கும். சாப்பிட வருகிறவர்கள் தட்டை எடுக்கும் முன் அதில் தங்கள் ஊர் இருக்கும் இடத்தை ஒரு விரலால் தொட்டுவிட்டுப் போவார்கள். யாரும் ஏற்படுத்திய வழக்கம் அல்ல. யாரோ ஒருநாள் தொட்டிருக்கிறார்கள், மறுநாள் இன்னொருவர். பெரும்பாலானவர்கள் தெற்கு இந்தியாவின் ஏவுதளத்திலிருந்து வந்தவர்கள் என்பதால் அந்தத் தென்முனையில்தான் விரல் பிசுக்கு அதிகம். இந்தியா மறுபக்கம் திரும்பியிருக்கும் நாட்களில் பசிபிக் கடலின் ஏதோ ஒரு மூலையைத் தொட்டு, "இதுக்குப் பின்னாடி" என்று சொல்லிக்கொள்வார்கள். இருட்டுப் பாதியில் இருந்தால் இருட்டைத் தொடுவார்கள். பிரமசக்தி ஈரத்துணியால் அதையெல்லாம் துடைத்துவிட்டு, அன்றைய புதுப் பூமியை எடுக்கப் போவாள்.

பகலில் அவளுக்குப் பாசித்தொட்டிகளில் வேலை. ஐந்தரை மணிக்குக் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வடக்கு மூலையில் இருக்கும் சின்ன அறைக்குள் நுழைவாள். சன்னலுக்கு வெளியே சூரியன் நீலமாக மறைந்துகொண்டிருக்கும். செவ்வாயில் பகல் வானம் மங்கிய சிவப்பு. அந்தி மட்டும் நீலம். அந்த நீலத்துக்குச் சற்று மேலே முதல் வெளிச்சமாகப் பூமி வரும். அதை ஒட்டியும் ஒட்டாமலும் நிலா.

மேட்டின் மேல் ஒன்றரை முழ அகலக் கண்ணாடி வைத்த தொலைநோக்கி ஒன்று நின்றது. அதன் அடிமுனையில், கண் வைத்துப் பார்க்க வேண்டிய இடத்தில், ஒரு சொம்பு அளவில் கேமரா. மற்றக் கேமராக்களைப் போல் இது ஒரு படத்தை எடுத்துவிட்டு நிற்காது. நொடிக்கு இருநூறு படங்கள் எடுக்கும். நிறம் அறியாத கேமரா அது. ஆகவே அதன் முன் சிவப்பு, பச்சை, நீலம் என்று, தன் நிற வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடும் மூன்று வடிகண்ணாடிகள் முறைவைத்துச் சுழன்று வந்து நிற்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம். மொத்தம் எழுபத்திரண்டாயிரம் துண்டுப்படங்கள்.

இவ்வளவு எதற்கு என்றால், பூமி அசைந்துகொண்டே இருப்பதால். உண்மையில் அசைவது பூமி அல்ல. குடியிருப்பின் மூச்சுக்குழாய்கள் வெளியே விடும் வெப்பம் தொலைநோக்கியின் முன் நெளிந்துகொண்டிருக்கும். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் உயிரோடு இருக்கும் சூடு அது. அந்த நெளிவில் பூமி, கொதிக்கும் உலையின் அடியில் கிடக்கும் காசுபோலக் கலங்கும். எப்போதாவது ஒரு நொடியின் சிறு துணுக்கில் வெப்பம் அடங்கி, படம் தெளியும். அந்தத் தெளிந்த துணுக்குகளை மட்டும் நூற்றுக்கு ஐந்து வீதம் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரு கூர்மையான பூமியை உண்டாக்கும் வேலையைச் சல்லடை செய்தது. சல்லடை என்பது அந்த அறையில் இருந்த கணிப்பொறிக்குக் குடியிருப்பு வைத்த பெயர். அது பேசும், கேட்டால் மட்டும்.

சல்லடைக்கு இன்னொரு வேலையும் இருந்தது. செவ்வாயின் மெல்லிய காற்று விண்வெளிக் கதிர்த்துகள்களைத் தடுப்பதில்லை. அவை கேமராவின் படச்சில்லில் மோதும்போதெல்லாம் ஒரு துண்டுப்படத்தில் மட்டும் வெள்ளைப் புள்ளி ஒன்று விழும். அந்தக் கறைகளைச் சல்லடை நீக்கும். நீக்கச் சொன்னவள் பிரமசக்திதான். ஒன்பதரை ஆண்டுகளுக்கு முன் கூடத்தில் முதல் படத்தை மாட்டியபோது, மின் பொறுப்பாளர் செந்தூர்பாண்டி அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு, "என்ன பிரமு, பூமிக்கு அம்மை போட்டமாதிரி இருக்கு?" என்று கேட்டார். கூடம் சிரித்தது. அன்று மாலையே அவள் சல்லடையிடம் சொல்லிவிட்டாள். அதன்பிறகு யாரும் அம்மை என்று சொன்னதில்லை.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் சூரியனிலிருந்து கிளம்பிய கதிர்ப்புயல் இரண்டு கிரகங்களையும் அடித்துவிட்டுப் போயிருந்தது. செய்தி கடத்திய செயற்கைக்கோள்கள் கருகின. நெடும்பள்ளத்தின் பெரிய அலைவாங்கியும் கருகியது. அதன் உறுப்புகளைச் செவ்வாயில் செய்ய வழியில்லை. அடுத்து வர வேண்டிய கப்பல் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. படங்களில் மேகம் நகர்ந்தது, துருவத்தில் பனி கூடிக் குறைந்தது. ஆகவே பூமி இருந்தது. பேசவில்லை, அவ்வளவுதான்.

வராமல் போன முதல் கப்பலில் பிரமசக்தியின் மகன் வந்திருக்க வேண்டும். பெயர் மாசானம். பத்து வயதுக்குக் கீழே யாரையும் கப்பலில் ஏற்றுவதில்லை என்று விதி. அப்பா இல்லாத பிள்ளை. அவனுக்கு எட்டு வயது நடந்தபோது தன் தங்கையிடம் விட்டுவிட்டு அவள் முந்திக்கொண்டு வந்தாள். "ரெண்டே வருசம்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். இப்போது அவனுக்குப் பத்தொன்பது. அவன் முகத்தை நினைத்துப்பார்க்கும்போதெல்லாம் எட்டு வயது முகம்தான் வந்தது. அதில் மீசை வைத்துப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை.

புயலுக்கு அடுத்த ஆண்டு, பாறை அறுக்கும் ஒளிக்கற்றை இயந்திரம் ஒன்றைப் பெயர்த்து மேட்டின் மேல் நிறுத்தினார்கள். அந்தியில் பூமி தெரிந்ததும் அதைக் குறிபார்த்து, பத்து நொடிக்கு ஒருமுறை இமைப்பொழுது எரிந்து அணையும். கண்சிமிட்டி என்று பெயர். பூமியில் யாராவது தொலைநோக்கியை இந்தப் பக்கம் திருப்பினால் பார்க்காமல் இருக்க முடியாத வெளிச்சம். பத்து ஆண்டுகளாகச் சிமிட்டியது. பதில் வந்தால் படத்தில் தெரியும் என்றுதான் பிரமசக்தி மாலைதோறும் படம் எடுத்தாள். படம் மேலும் மேலும் அழகானது. பதில் வரவில்லை.

கடைசியில் ஒரு கூட்டம் போட்டுக் கைதூக்கினார்கள். குடியிருப்பில் இப்போது பதினேழு குழந்தைகள். உருளைக்கிழங்குக்குப் புதுக் குவிமாடம் வேண்டும். குவிமாடத்துக்கு வெப்பம் வேண்டும். கண்சிமிட்டி மின்சாரத்தைத் தின்றது. அதை நிறுத்தி, தொலைநோக்கியின் கேமராவையும் கழற்றிக் குவிமாடத்தில் இலைநோய் பார்க்க வைப்பது என்று முடிவானது. செந்தூர்பாண்டி அண்ணாச்சி முடிவைப் படிக்கும்போது பிரமசக்தியைப் பார்க்கவில்லை. அவளும் கைதூக்கியிருந்தாள். பதினேழு குழந்தைகளுக்கு எதிராக எப்படித் தூக்காமல் இருப்பது?

செவ்வாயில் எதையும் எறிய மாட்டார்கள். ஆணி ஆனாலும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போகும்போது கைமாற்று அறிக்கை எழுத வேண்டும்: என்ன வேலை செய்தது, எவ்வளவு தேய்ந்தது, இன்னும் எவ்வளவு தாங்கும். கேமராவைக் கழற்ற வேண்டிய நாளுக்கு முந்தின நாள் பிற்பகல், பிரமசக்தி அந்த அறிக்கையை எழுத உட்கார்ந்தாள்.

"படச்சில்லு எப்படி இருக்கு சல்லடை?"

"நல்ல நிலையில் உள்ளது. பொதுவான கறைகள் குறைவு. பச்சையில் மட்டும் மிகுதி."

அவள் எழுதிக்கொண்டே போனவள் நிறுத்தினாள். "பச்சைல மட்டும்னா?"

"சிவப்பு வடிகண்ணாடி நிற்கும்போது விழுந்தவை இருநூற்றுப் பன்னிரண்டு. நீலம் நிற்கும்போது நூற்றுத் தொண்ணூற்றெட்டு. பச்சை நிற்கும்போது நாலாயிரத்து அறுநூற்றுப் பதினொன்று."

பிரமசக்தி பேனாவை வைத்தாள். சுவருக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய் ஒன்று அவ்வப்போது விம்மியது.

கதிர்த்துகள் எங்கிருந்தோ வருகிறது. குழாயைத் துளைத்து, கண்ணாடியைத் துளைத்து, சில்லில் மோதுகிறது. முன்னால் நிற்பது சிவப்பா பச்சையா என்று அது பார்ப்பதில்லை. நிறம் பார்த்து வருவது ஒன்றே ஒன்றுதான். வெளிச்சம்.

"எந்தெந்த நாள்ல விழுந்திருக்கு?"

"முப்பத்தேழு நாளுக்கு ஒருமுறை தொடங்கும். பத்து நாள் நீடிக்கும். பிறகு இராது. பூமியின் நாளைவிடச் செவ்வாயின் நாள் சற்று நீளம் என்பதால், நம் அந்தியில் தெரியும் பூமியின் பக்கம் சிறிது சிறிதாக நகர்ந்து, முப்பத்தேழு நாளில் ஒரு சுற்று முடிகிறது. கறைகளும் அந்தக் கணக்கில் வருகின்றன."

"மொத கறை எப்போ?"

"ஒன்பது ஆண்டு மூன்று மாதங்களுக்கு முன்."

"எல்லாத்தையும் ஒரே பூமில வச்சுக் காட்டு."

சல்லடை ஓர் உருண்டையை வரைந்து, ஒன்பது ஆண்டுக் கறைகளையும் அதன்மேல் வைத்தது. நாலாயிரத்துக்கு மேல் ஒரே புள்ளியில் போய் விழுந்தன, ஓர் ஊசியால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தியதுபோல. இந்தியாவின் தென்முனைக்குச் சற்று மேலே, ஏதோ ஒரு மலை. எப்போதும் இருட்டுப் பாதியில் இருக்கும்போது மட்டும். திரையில் அவள் தினமும் துடைக்கும் பிசுக்குப் படிவதும் அங்கேதான்.

"என்ட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டாள்.

"நீக்கச் சொன்னீர்கள். நீக்கினேன். பட்டியல் கேட்டால் தரக் குறித்துவைத்தேன். இன்றுதான் கேட்டீர்கள்." சற்று நிறுத்தி, உதவி என்று நினைத்து, அவளுடைய பழைய கட்டளையை அவளுடைய குரலிலேயே போட்டுக்காட்டியது. "ஒத்த படத்துல மட்டும் வார புள்ளிய எல்லாம் எடுத்துரு சல்லடை. பூமி பளிச்சுன்னு இருக்கணும்."

ஒன்பதரை ஆண்டுக்கு முந்திய குரல். அதில் இருந்த உற்சாகத்தைக் கேட்க முடியாமல் அவள் எழுந்து வெளியே வந்தாள்.

செந்தூர்பாண்டி அண்ணாச்சி மேட்டுக்குப் போகும் வாசலில், கண்சிமிட்டியின் கம்பிகளைக் கழற்றுவதற்கு ஞானசிகாமணியோடு நின்றிருந்தார். பத்து ஆண்டுகளாகக் கண்சிமிட்டியை இயக்கியவன் ஞானசிகாமணி. நாற்பது வயதுக்காரன், நெட்டையன். பிரமசக்தி சொல்வதை இருவரும் நின்றபடியே கேட்டார்கள்.

"பழுதான சில்லா இருக்கும், பிரமு," என்றார் அண்ணாச்சி. குரலில் கடுமை இல்லை. "நீ என்னத்துக்கு இத நம்புதன்னு எனக்குத் தெரியும். நம்பாம இருக்க முடியாது. ஆனா நாளைக்கி இல்லன்னு ஆச்சுன்னா நீ தாங்க மாட்ட, தங்கச்சி."

"சில்லு பழுதுன்னா செவப்புலயும் தெரியணும்லா அண்ணாச்சி?"

அண்ணாச்சி மேட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"இந்தச் சுத்துல இன்னைக்கு எட்டாவது நாளு. இன்னும் ரெண்டு நாள் பாக்கி இருக்கு. வெளக்க அணைச்சிக்கோங்க. கேமராவ மட்டும் இன்னைக்கி விடுங்க. சல்லடை வேண்டாம். அது எடுக்கத அப்படியே கூடத்துல போடுதேன். எல்லாரும் பாக்கட்டும்."

ஞானசிகாமணி கம்பியைக் கீழே வைத்தான். "பாக்கலாம் அண்ணாச்சி. பத்து வருசமா ஊமையன்கிட்ட கண்ணடிச்சிட்டுக் கெடக்கேன். அவன் திருப்பி அடிச்சானா இல்லியான்னு எனக்கும் தெரியணும்ல?"

அன்று மாலை கூடத்தின் திரையில் முதல்முறையாகத் துடைக்காத பூமி வந்தது. சாப்பிட வந்தவர்கள் தொடுவதற்கு நீட்டிய விரலைப் பின்வாங்கினார்கள். குழம்பிப்போன, நடுங்குகிற, மணல் தூவியதுபோன்ற ஒரு பாதி உருண்டை. ஓரங்கள் கொதித்தன. கடல் எது மேகம் எது என்று தெரியவில்லை.

"இதுவா பூமி?" என்று ஒரு பெண் கேட்டாள். "இத்தன நாள் பாத்தது?"

"அதுவும் இதுதான்," என்றாள் பிரமசக்தி. "நல்லா இருந்தத மட்டும் எடுத்து வச்சேன்."

சிவப்பு வடிகண்ணாடியில் இரண்டு நிமிடம் போனது. அங்கொன்று இங்கொன்றாக ஒரு கீறல், ஒரு பொட்டு, கதிர்த்துகள்கள். பிறகு சக்கரம் சுழன்று பச்சை வந்து நின்றது. கூடத்தில் கரண்டிச் சத்தம் நின்றுபோயிருந்தது.

இருட்டுப் பாதியில், எல்லோரும் தொடுகிற இடத்தில், ஒரு புள்ளி எரிந்து அணைந்தது. கூர்மையாக அல்ல, உருண்டையாக, மென்மையாக, பூமியோடு சேர்ந்து நெளிந்தபடி. பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. சற்று இடைவெளி. மறுபடி மூன்று.

யாரும் கத்தவில்லை. முந்நூறு பேர் மூச்சுவிடுவது மட்டும் கேட்டது. அவர்களுடைய மூச்சின் சூட்டில்தான் அந்தப் புள்ளி நடுங்கியது. செந்தூர்பாண்டி அண்ணாச்சி திரைக்கு அருகில் போய், தொடாமல், விரலை ஒரு சாண் தள்ளிப் பிடித்தபடி நின்றார்.

"ஒம்பது வருசமாவா?" என்று மெல்லக் கேட்டார்.

"ஒம்பது வருசம் மூணு மாசம்."

"அம்மைன்னு சொன்னது நான்தான்." அவர் திரும்பவில்லை. "நான்தான சொன்னேன்?"

"தொடச்சது நான் அண்ணாச்சி."

அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை. ஆனால் பிரமசக்தியின் மனம் துக்கத்தில் நிற்கவில்லை. அது வேறோர் இடத்தில் போய் இடித்துக்கொண்டிருந்தது. அவர்கள் மூன்று மூன்றாகச் சிமிட்டுகிறார்கள். ஒன்பது ஆண்டாக அதே மூன்று. நம் விளக்கைப் பார்த்திருந்தால் நம்மைப்போல் மாற்றிச் சிமிட்டியிருப்பார்கள். பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க முடியாத வெளிச்சத்தை எப்படிப் பார்க்காமல் இருந்தார்கள்?

அவள் தட்டை வைத்துவிட்டு எழுந்தாள்.

"ஞானம், இந்தக் கேமரா எங்கேருந்து வந்துச்சு?"

"பூமிலேருந்துதான் யக்கா. எல்லாமே அங்கேருந்துதான?"

"சல்லடை?"

"அதுவும் அங்..." என்றவன் வாயை மூடினான்.

"அங்கயும் ஒருத்தி இருப்பா," என்றாள் பிரமசக்தி. "அங்கயும் ஒரு அண்ணாச்சி இருப்பாரு. செவ்வாய்க்கு அம்மை போட்டமாதிரி இருக்குன்னு சொல்லியிருப்பாரு. நாம சிமிட்டச் சிமிட்டத் தொடச்சிருப்பாங்க."

கூடத்தில் சிரிப்பதா அழுவதா என்று தெரியாத ஒரு சத்தம் எழுந்தது.

வழி ஒன்றுதான் இருந்தது. ஒரு துண்டுப்படத்தில் மட்டும் வருவதைச் சல்லடை நீக்கும். எல்லாத் துண்டுப்படங்களிலும் இருப்பதை நீக்காது. அதை உண்மை என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே சிமிட்டக் கூடாது. அணையாமல் எரிய வேண்டும். அவர்கள் எந்த நிமிடத்தில் படமெடுத்தாலும் அதில் விழும்படி, ஒரு மணி நேரமாவது.

ஞானசிகாமணி விரல் விட்டு எண்ணிப்பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். இமைப்பொழுது எரிவதற்குத் தின்ற மின்சாரம் எங்கே, ஒரு மணி நேரம் எரிவதற்குத் தின்பது எங்கே. குடியிருப்பின் வெப்பம் முழுவதையும் நிறுத்தினால்தான் முடியும். வெளியே பூச்சியத்துக்குக் கீழே எழுபது பாகை.

எல்லோரும் செந்தூர்பாண்டி அண்ணாச்சியைப் பார்த்தார்கள்.

"புள்ளைங்கள எல்லாம் நடுக்கூடத்துக்குக் கொண்டாங்க," என்றார். "இருக்கிற கம்பளி எல்லாம் எடுங்க. ஒருத்தர ஒருத்தர் ஒட்டி உக்காருங்க. சண்டக்காரங்களும்தான்."

மறுநாள் அந்தியில் நெடும்பள்ளம் குளிர்ந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒரே கூடத்தில், கம்பளிக்குள் கம்பளியாக நெருங்கி உட்கார்ந்தார்கள். சுவரில் நீர் படிந்து உறைந்தது. பேசினால் வாயிலிருந்து புகை வந்ததைப் பார்த்துக் குழந்தைகள் சிரித்தன. அதுவரை அவர்கள் அதைக் கண்டதில்லை. மேட்டின் மேல் கண்சிமிட்டி முதல்முறையாகக் கண்ணை மூடாமல் பார்த்தது. ஒரு மணி நேரம் ஐந்து நிமிடம். வெப்பம் நின்றதால் மூச்சுக்குழாய்களும் அடங்கியிருந்தன. அன்று எடுத்த பூமி, சல்லடை இல்லாமலே அசையாமல் தெளிந்து நின்றது. அப்படியொரு படம் பத்து ஆண்டில் விழுந்ததில்லை.

பத்தாம் நாள் அந்தியில் அதே மூன்று, மூன்று. அவ்வளவுதான். அதன்பின் அந்த மலை மறுபக்கம் திரும்பிவிட்டது. இனி இருபத்தேழு நாள்.

கூட்டத்தின் முடிவுப்படி கண்சிமிட்டியைக் கழற்றியிருக்க வேண்டும். "கழட்ட ஆளு இல்ல," என்று செந்தூர்பாண்டி அண்ணாச்சி கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார். ஞானசிகாமணி அவர் பக்கத்திலேயே சும்மா நின்றுகொண்டிருந்தான். உருளைக்கிழங்கு விதைகள் சமையலறை அலமாரியில் காத்திருந்தன. பிரமசக்தி பாசியைக் கிளறினாள், வடித்தாள், உலர்த்தினாள். மாலையில் பூமியைத் துடைக்கவில்லை. விரல் பிசுக்கை அப்படியே விட்டுவிட்டாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

இருபத்தெட்டாம் நாள் பச்சை வடிகண்ணாடி வந்து நின்றபோது இருட்டுப் பாதியில் ஒரு புள்ளி எரிந்தது. அணையவில்லை. எரிந்துகொண்டே இருந்தது. இரண்டு நிமிடம் முடிந்து நீலம் வந்தது, சிவப்பு வந்தது, மறுபடி பச்சை வந்தது. புள்ளி அப்போதும் அங்கேயே இருந்தது.

அதற்கு மறுநாள் முதல் அது நீண்டும் குறுகியும், தந்தி அடிப்பதுபோல எரியத் தொடங்கியது. சல்லடை எழுத்துக் கூட்டிப் படித்தது. "நீங்கள் இருக்கிறீர்கள். உங்கள் ஒளி பத்து ஆண்டுகளாக எங்கள் படங்களில் விழுந்திருக்கிறது. கறை என்று நீக்கிவந்தோம். அணையாமல் நின்ற பிறகுதான் நீக்க முடியவில்லை. யாரும் இல்லை என்று நினைத்துக் கப்பல் கட்டவில்லை. இனிக் கட்டுவோம்."

பிறகு ஒவ்வொருவருக்கும் அவரவர் வீட்டிலிருந்து பத்துச் சொல்லுக்கு மிகாமல் செய்தி வந்தது. அந்த மலைமேல் ஒளியைக் கட்டி எழுப்பியதே செவ்வாய்க்குப் போனவர்களின் உறவினர் சங்கம் என்று அதில்தான் தெரிந்தது. பிரமசக்திக்கு நான்காம் நாள் வந்தது. "அம்மா, மீசை வந்துட்டு. நீ வாரியா, நான் வரட்டுமா?" அவள் அதைச் சல்லடையிடம் ஒரே ஒரு தடவைதான் படிக்கச் சொன்னாள். பிறகு பாசித்தொட்டிக்குப் போய், வேலை நேரம் முடிந்த பின்னும் வெகுநேரம் கிளறிக்கொண்டிருந்தாள்.

பத்தாம் நாள், மலை மறுபக்கம் திரும்புமுன், பூமி ஒன்று கேட்டது. "எல்லோரும் இருக்கும் படம் ஒன்று அனுப்புங்கள்."

ஒளியால் படம் அனுப்புவது மெதுவான வேலை. கறுப்பும் வெள்ளையுமான புள்ளிகளாகப் பிரித்து, புள்ளி புள்ளியாகச் சிமிட்ட வேண்டும். ஒன்பது மாலைகளில் அனுப்பக்கூடிய அளவுக்குச் சுருக்கினால், ஒரு முகத்துக்கு ஆறு புள்ளி கிடைக்கும்.

முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் தலைவாரிக்கொண்டு கூடத்தில் கூடினார்கள். தொலைநோக்கியின் கேமராவையே கொண்டுவந்து வைத்தாள் பிரமசக்தி. நொடிக்கு இருநூறு வீதம் இரண்டு நிமிடம். இருபத்துநாலாயிரம் படங்களில் ஒன்றில்கூட எல்லோரும் கண் திறந்திருக்கவில்லை.

"இதுல என் கண்ணு மூடியிருக்கு. அழிச்சிரு யக்கா."

"இது வேண்டாம், எம் புள்ள கொட்டாவி விடுதான்."

"பிரமு," என்று செந்தூர்பாண்டி அண்ணாச்சி தணிந்த குரலில் அவள் காதருகே வந்தார். "வழுக்க ரொம்பப் பளபளன்னு தெரியுது. சல்லடையப் போட்டு லேசா..." அவள் திரும்பிப் பார்த்த பார்வையில், சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டார்.

"அண்ணாச்சி, உங்க மொகத்துக்கு ஆறு புள்ளி. அதுல எந்தப் புள்ளி வழுக்க?"

கூடம் அதிரச் சிரித்தது. ஆனாலும் விவாதம் இரண்டு நாள் நடந்தது. மூன்றாம் நாள் அவள் யாரையும் கேட்காமல் முதல் படத்தை எடுத்தாள். யாரும் இன்னும் சிரிக்கத் தொடங்காத, பாதிப் பேர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும் படம். புள்ளிகளாக்கினாள். கரிய கூடத்தில் உப்புத் தூவியதுபோல முந்நூற்றுப் பன்னிரண்டு சிறு வெளிச்சங்கள். மலை திரும்பிவந்ததும் ஒன்பது மாலை சிமிட்டினான் ஞானசிகாமணி.

பதிலுக்கு அடுத்த சுற்றில் மலை மறுபடி திரும்பிவரும் நாள் வரை காத்திருந்தார்கள். வந்தது. கூடத்தில் அத்தனை பேரும் நிற்க, சல்லடை எழுத்தெழுத்தாகப் படித்தது.

"படம் கிடைத்தது. நெடும்பள்ளத்தின் கூடம் மிக அழகு. நிறைய வெள்ளைப் புள்ளிகள் விழுந்திருந்தன. எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, ஊரெங்கும் மாட்டியிருக்கிறோம்."

முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு செந்தூர்பாண்டி அண்ணாச்சி தன் வழுக்கையில் கைவைத்துத் தடவிக்கொண்டு, "நல்லாத் தொடச்சிட்டானுவ," என்றார்.

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. புதுக் குவிமாடம் வரைக்கும் கேட்டது. மலை மறுபக்கம் இருக்கும் நாட்களில் கண்சிமிட்டியை அணைத்து மிச்சம்பிடித்த மின்சாரத்தில், அங்கே முதல் உருளைக்கிழங்கு இலைகள் விரிந்திருந்தன. பிரமசக்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஞானசிகாமணியைப் பார்த்தாள்.

"வெளக்க ஏத்து ஞானம். ஒரு வரிதான்."

"என்ன அடிக்க யக்கா?"

"அந்தக் கறை நாங்கதான். திருப்பிப் போடுங்கன்னு அடி."